‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

‘ஹேவ்’ என்ற சொல்லுக்கு ‘வைத்திரு’, ‘உடையதாயிரு’ என்று அகராதி பொருள் தருகிறது. அந்தப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் ‘ஐ ஹேவ் டு கோ’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் திகைத்து நிற்கிறார்கள். போவதை எப்படி வைத்திருக்க முடியும்? இந்தச் சொல் உடைமையைச் சொல்கிறது, சாப்பிடுவதைச் சொல்கிறது, கட்டாயத்தைச் சொல்கிறது, வேறொரு வினைக்குத் துணைவினையாக நிற்கிறது, பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்வித்ததையும் சொல்கிறது. இவற்றை ஒரே நாளில் கலந்து படிப்பவர்கள் ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்வதை வகுப்பில் தொடர்ந்து பார்த்துவருவதால், எதை முதலில், எதைப் பிறகு என்ற வரிசைக்கே இங்கே முதலிடம் தந்திருக்கிறேன். ஒரு படி வாயில் தடையின்றி வந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

‘டூ, டஸ், டிட்’ ஆகிய மூன்றையும் கொண்டு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘டூ யூ லைக் டீ?’ என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். நான்காம் படி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்ததாக, அன்றாடம் புழங்கும் வினைகளின் மூன்றாம் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். ‘கோ, வென்ட், கான்’, ‘சீ, சா, சீன்’, ‘ஈட், ஏட், ஈட்டன்’, ‘கம், கேம், கம்’ என்று சொல்லிப் பழகுகிறோமே, அந்த வரிசையில் கடைசியாக வருவது. ஏழாம் படியிலும் எட்டாம் படியிலும் பெரும்பாலான வாக்கியங்கள் இது இல்லாமல் அமையாது. நூற்றுக்கணக்கில் வேண்டியதில்லை, நாள்தோறும் பேசும் வினைகள் போதும்.

மூன்றாவது, ஒரு பழக்கம். ஆங்கில வாக்கியத்தை அமைக்கும் முன், சொல்ல நினைப்பதைத் தமிழில் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்து, அதில் ‘எனக்கு’ வருகிறதா, ‘என்னிடம்’ வருகிறதா, ‘இருக்கிறது’ என்பது தனித்து நிற்கிறதா, வேறொரு வினையோடு ஒட்டி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசியுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. தொடக்க நிலையில் அது நடக்காத காரியம் என்பது என் கருத்து. எப்படியும் தமிழில்தான் யோசிக்கப் போகிறோம். அதைத் தெரிந்தே செய்தால் தவறு எங்கே நுழைகிறது என்பதாவது தெரியும்.

2. எழுவாயை மாற்றுதல்

‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் தங்கை. அதனால்தான் வினை ‘இருக்கிறாள்’ என்று முடிகிறது. ஆங்கிலத்தில் இதே செய்திக்கு எழுவாய் ‘நான்’. இந்த மாற்றத்தைச் செய்யாமல் சொற்களை மட்டும் பெயர்ப்பதால்தான் ‘மை ஹவுஸ் த்ரீ ரூம்ஸ் இஸ் தேர்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

செய்முறை எளிது. தமிழ் வாக்கியத்தில் ‘-க்கு’ அல்லது ‘-இடம்’ ஏற்று நிற்கும் சொல்லை எடுத்து, அந்த உருபை நீக்கி, ஆங்கில வாக்கியத்தின் தலையில் வையுங்கள். அடுத்து ‘ஹேவ்’. அதற்குப் பிறகு மீதி. ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்பது ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’ ஆகிறது. ‘என்னிடம் சில்லறை இருக்கிறது’ என்பது ‘ஐ ஹேவ் சேஞ்ச்’ ஆகிறது. உறவுக்கு ‘எனக்கு’, கைவசம் இருப்பதற்கு ‘என்னிடம்’ என்று தமிழ் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் பிரிப்பதில்லை. இந்த நேரத்தில் கையிலேயே இருக்கிறது என்று அழுத்திச் சொல்ல விரும்பினால் கடைசியில் ‘வித் மீ’ சேர்த்துக்கொள்ளலாம்.

வீடு, ஊர், கடை போன்றவற்றுக்கு ‘-இல்’ வரும். ‘எங்கள் வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன’ என்பதை ‘அவர் ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’ என்றும் சொல்லலாம். ‘தேர் ஆர் த்ரீ ரூம்ஸ் இன் அவர் ஹவுஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டையும் பாதிப்பாதியாக ஒட்டுவதுதான் தவறு.

இனி, அதிகம் பேர் இடறும் இடம். ‘எனக்கு’ என்று தொடங்கும் எல்லா வாக்கியமும் ‘ஹேவ்’ ஆகாது. ‘எனக்குத் தெரியும்’ என்பது ‘ஐ நோ’. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ‘ஐ லைக் இட்’. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ‘ஐ ஆம் ஹங்க்ரி’. ‘எனக்கு இருபது வயது’ என்பது ‘ஐ ஆம் ட்வென்டி’. உடல் நலிவைச் சொல்லும்போது நோயின் பெயர் இருந்தால் ‘ஹேவ்’ வரும்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’. ‘கால் வலிக்கிறது’ என்பதற்கு ‘மை லெக் ஹர்ட்ஸ்’ போதும். ‘மை லெக் இஸ் பெய்னிங்’ என்பது நம் ஊரில் புரியும், வெளியே விநோதமாக ஒலிக்கும். சோதனை இதுதான்: தமிழ் வாக்கியத்தின் இறுதியில் ‘இருக்கிறது’ என்ற சொல்லைச் சேர்க்க முடிந்து, அதற்கு முன் நிற்பது ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ‘ஹேவ்’. ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’ என்று சொல்லலாம். ‘எனக்குத் தெரியும் இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை.

‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்பதற்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று இந்திய வகுப்பறைகளில் எல்லோரும் சொல்கிறோம், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் வெளிநாட்டவர் காதில் அது, ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்பதற்கு அருகில் போய் விழுகிறது. விளக்கம் கேட்க விரும்பினால் ‘ஐ ஹேவ் எ க்வெஸ்டியன்’ என்றே சொல்லுங்கள்.

3. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’

‘ஐ, யூ, வி, தே’ ஆகியவற்றுக்கு ‘ஹேவ்’. ‘ஹி, ஷி, இட்’ ஆகியவற்றுக்கு ‘ஹேஸ்’. இறந்த காலத்தில் எல்லோருக்கும் ‘ஹேட்’. இதை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் சிரமம் இருப்பதில்லை. பேசும்போது பெயர்கள் வந்தால்தான் தடுமாற்றம். ‘மை ஃபாதர் அண்ட் மதர்’ என்றால் இருவர், ஆகவே ‘ஹேவ்’. ‘எவ்ரிபடி’ என்றால் பொருளில் பலர் என்றாலும் ஆங்கிலம் அதை ஒருமையாகவே நடத்துகிறது, ஆகவே ‘எவ்ரிபடி ஹேஸ்’.

‘வில், கேன், ஷுட், மஸ்ட்’ ஆகியவற்றுக்குப் பின் எழுவாய் யாராக இருந்தாலும் ‘ஹேவ்’ மட்டுமே. ‘ஷி வில் ஹேஸ்’ என்று ஒருபோதும் வராது.

4. கேள்வி, மறுப்பு, பதில்

உடைமைப் பொருளில் வரும் ‘ஹேவ்’ தனியாகக் கேள்வியாகத் திரும்பாது. ‘டூ’ உதவிக்கு வர வேண்டும். ‘டூ யூ ஹேவ் எ பென்?’, ‘டஸ் ஷி ஹேவ் எ பென்?’, ‘டிட் யூ ஹேவ் எ பென்?’ இந்த மூன்றிலும் ‘ஹேவ்’ மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலத்தையும் எழுவாயின் எண்ணையும் ‘டூ’ சுமந்துகொண்டதால் ‘ஹேவ்’ அவற்றை மீண்டும் சுமக்க வேண்டியதில்லை. ‘டஸ் ஷி ஹேஸ்’, ‘டிட் யூ ஹேட்’ என்ற பிழைகள் ஒரே செய்தியை இரண்டு இடத்தில் சொல்வதால் வருகின்றன. மறுப்பும் இப்படியே: ‘ஐ டோன்ட் ஹேவ்’, ‘ஷி டஸன்ட் ஹேவ்’, ‘வி டிடின்ட் ஹேவ்’.

‘ஹேவ் யூ எ பென்?’ என்ற வடிவத்தைப் பழைய பிரிட்டிஷ் நூல்களில் பார்க்கலாம். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச வேண்டாம். பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் ‘ஹேவ் காட்’ என்ற வடிவமும் மிகுதி: ‘ஐ ஹேவ் காட் எ பென்’, ‘ஹேவ் யூ காட் எ பென்?’ பொருள் ஒன்றே. இதில் ‘டூ’ வராது. ‘டூ யூ ஹேவ் காட்’ என்று இரண்டு வழக்கையும் ஒன்றாக்குவது புதியவர்களின் வழக்கமான பிழை. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இந்திய அலுவலகங்களில் பேசுவதற்கு ‘டூ யூ ஹேவ்’ போதும்.

பதில் சொல்வதில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. பாடப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ‘உங்களிடம் பேனா இல்லையா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமாம், இல்லை’ என்கிறோம். கேட்டவர் ஊகித்தது சரி என்பதற்கு அந்த ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் கேட்டவரின் ஊகத்துக்குப் பதில் இல்லை, உண்மை நிலைக்குத்தான் பதில். ‘டோன்ட் யூ ஹேவ் எ பென்?’ என்ற கேள்விக்குப் பேனா இல்லாதவர் ‘நோ, ஐ டோன்ட்’ என்றும், இருப்பவர் ‘எஸ், ஐ டூ’ என்றும் சொல்ல வேண்டும். ‘எஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பேனா இருக்கிறது என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். தொலைபேசியில், முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசும் வேலையில் இருப்பவர்கள் இதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

5. ‘ஹேவிங்’ எங்கே வரும், எங்கே வராது

‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ பிரதர்ஸ்’ என்பது நம்மிடையே மிகப் பரவலாகக் கேட்கும் வாக்கியம். ‘இருக்கிறார்கள்’ என்பதில் உள்ள ‘கிறு’ என்ற நிகழ்கால இடைநிலையைப் பார்த்துவிட்டு ‘-இங்’ சேர்க்கத் தோன்றுகிறது போலும். உடைமை ஒரு நிலை. அது தொடங்கி, நடந்து, முடியும் செயல் இல்லை. ஆங்கிலத்தில் ‘-இங்’ நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. ஆகவே அண்ணன் தம்பி, வண்டி, வீடு, நேரம், அனுபவம் எதுவானாலும் ‘ஐ ஹேவ்’ தான்.

ஆனால் ‘ஹேவிங்’ அறவே தவறு என்று கற்பித்து முடிப்பதும் தவறு. ‘ஹேவ்’ என்பது சாப்பிடுதல், நடத்துதல், அனுபவித்தல் என்ற பொருளில் வரும்போது அது செயலாகிவிடுகிறது. ‘வி ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங் டுமாரோ’ என்றால் நாளை கூட்டம் ஏற்பாடாகி இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவர் குழந்தை பெறப் போகிறார். குழந்தை ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல ‘ஷி ஹேஸ் எ பேபி’. இந்தக் கடைசி இணையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் விதி முழுவதும் அதில் அடங்கிவிடும்.

உணவு வேளைப் பெயர்களுக்கு முன் ‘எ’ சேர்க்க வேண்டாம்: ‘ஐ ஹேட் லஞ்ச்’. நல்ல சாப்பாடு, கனத்த சாப்பாடு என்று அடைமொழி வந்தால் மட்டும் ‘எ குட் லஞ்ச்’, ‘எ ஹெவி லஞ்ச்’ என்று வரும். ‘டுக் ஃபுட்’ என்பதை விட்டுவிடுங்கள். ‘ஹேவ் எ சீட்’ என்றால் உட்காருங்கள். ‘ஹேவ் எ லுக்’ என்றால் ஒருமுறை பாருங்கள்.

6. ‘ஹேவ் டு’: கட்டாயம்

‘ஹேவ்’ என்பதை அடுத்து ‘டு’வும், அதை அடுத்து வினையின் முதல் வடிவமும் வந்தால் பொருள் ‘வேண்டியிருக்கிறது’. ‘ஐ ஹேவ் டு கோ’, ‘ஷி ஹேஸ் டு கோ’, ‘வி ஹேட் டு கோ’. தமிழிலும் ‘போக வேண்டியிருக்கிறது’ என்று ‘இரு’ வந்து நிற்பதால் இந்தப் படி எளிதாகவே மனத்தில் அமர்கிறது. கேள்விக்கும் மறுப்புக்கும் நான்காம் படியில் பழகிய ‘டூ’ அப்படியே பயன்படும். அதனால்தான் இதை அதற்குப் பிறகு வைத்தேன்.

மறுப்பில் கவனம் வேண்டும். ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் ‘வர வேண்டியதில்லை’; வந்தாலும் தடையில்லை. ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் ‘வரக் கூடாது’. தமிழ்ப் பேச்சில் ‘வர வேண்டாம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இடையில் தாராளமாக நடமாடுகிறது. குரலும் சூழ்நிலையும்தான் எது என்று காட்டுகின்றன. ஆங்கிலத்தில் பேசும் முன், ‘வேண்டியதில்லை’யா ‘கூடாது’வா என்று தமிழிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு மேலாளர் விடுமுறை நாளில் ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்று சொன்னால் வருவது உங்கள் விருப்பம்; அதைத் தடை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

7. துணைவினையாக ‘ஹேவ்’

இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘ஹேவ்’ என்பதற்குப் பின் மூன்றாம் வடிவம் வந்தால் உடைமைப் பொருள் மறைந்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’ என்றால் ‘அவரைப் பார்த்திருக்கிறேன்’. தமிழிலும் ‘பார்த்து’ என்பதோடு ‘இரு’ ஒட்டியே இந்தப் பொருள் வருகிறது. உடைமைக்கும் ‘இரு’, இதற்கும் ‘இரு’ என்று தமிழ் ஒரே வினையை இரு வேலைக்கும் வைத்திருப்பதால், ஆங்கிலமும் ஒரே வினையை இரு வேலைக்கும் வைத்திருப்பது நமக்குப் புதிராக இருக்கத் தேவையில்லை.

இந்த வேலையில் இருக்கும்போது கேள்விக்கு ‘டூ’ வராது; ‘ஹேவ்’ தானே முன்னால் போகும். ‘ஹேவ் யூ சீன் ஹிம்?’, ‘ஐ ஹேவன்ட் சீன் ஹிம்.’ நான்காம் படி நன்றாகப் பதியாமல் இங்கே வருகிறவர்கள் ‘டூ யூ ஹேவ் சீன்’ என்கிறார்கள்.

‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பது அனுபவம். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பது முடிவு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ பொருந்தும். முடிந்துவிட்டது என்று காட்ட ‘ஆல்ரெடி’ சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் இத்தகைய இடத்தில் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று எளிய இறந்த காலத்தையே சொல்வதையும் கேட்பீர்கள், அதுவும் சரியே.

பொதுவான பிழைகள் நான்கு. முதலாவது, முடிந்துபோன காலத்தைச் சொல்லும் சொல்லோடு ‘ஹேவ்’ சேர்ப்பது. ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ போன்றவை வந்தால் எளிய இறந்த காலம் மட்டுமே: ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’. ‘ஹேவ்’ என்ற துணைவினை, நடந்த ஒன்றை இன்றோடு இணைக்கிறது. ‘எஸ்டர்டே’ அதை இன்றிலிருந்து அறுக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போவதில்லை.

இரண்டாவது பிழை, தேவையில்லாத ‘ஹேட்’. ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அதே அச்சில் ‘அங்கிள் ஹேட் கம் எஸ்டர்டே’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேட்’டும் மூன்றாம் வடிவமும் சேர்ந்தால், கடந்த காலத்து வேறொரு நிகழ்ச்சிக்கு முன்பே இது நடந்தது என்று பொருள், கேட்பவர் அந்த இன்னொரு நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பார். ‘வென் ஐ காட் தேர், தி பஸ் ஹேட் லெஃப்ட்’ என்ற வாக்கியத்தில் நான் போய்ச் சேர்ந்தது ஒன்று, அதற்கு முன்பே பேருந்து புறப்பட்டது ஒன்று. அப்படி இரண்டு இல்லையென்றால் ‘அங்கிள் கேம் எஸ்டர்டே’ போதும். அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே’ என்று எழுதுகிறவர்கள், அந்த ‘ஹேட்’டை அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்க்கலாம்; பெரும்பாலும் எதுவும் குறைந்திருக்காது.

மூன்றாவது, ‘ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது. தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2020’.

நான்காவது நுணுக்கமானது. ‘அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: இப்போது அங்கே இருக்கிறார், அல்லது எப்போதோ ஒருமுறை போய் வந்த அனுபவம் உண்டு. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. அங்கே இருந்தால் ‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’. போய்த் திரும்பியவர் என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு டெல்லி’. ஆகவே நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்று சொல்வது பொருந்தாது. ‘ஐ ஹேவ் பீன் டு டெல்லி’ என்பதே சரி.

‘ஹேட் ஹேட்’ என்று இரட்டித்து வருவதைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதையோ வைத்திருந்ததையோ சொல்லும் வினை.

8. பிறரைக் கொண்டு செய்வித்தல்

முடிதிருத்தகத்துக்குப் போய் வந்தவர் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாகப் பொருள். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதே அவர் சொல்ல வந்தது. வரிசை முக்கியம்: ‘ஹேட்’, பிறகு பொருள், கடைசியில் மூன்றாம் வடிவம். தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த ரவிக்கைக்கு ‘ஐ ஹேட் எ பிளவுஸ் ஸ்டிட்ச்ட்’. மூன்றாம் வடிவத்தை முன்னால் இழுத்து ‘ஐ ஹேட் ஸ்டிட்ச்ட் எ பிளவுஸ்’ என்று மாற்றினால் அது ஏழாம் படியின் வாக்கியமாகி, தைத்தவர் நீங்களே ஆகிவிடுகிறீர்கள். இந்த இரண்டு அமைப்பையும் அருகருகே எழுதிப் பார்ப்பதற்காகவே இந்தப் படியை இத்தனை பின்னால் வைத்திருக்கிறேன். வீடு கட்டுவதற்கு மட்டும் ஆங்கிலத்திலும் தாராளம் உண்டு. கொத்தனார் கட்டினாலும் ‘வி பில்ட் எ ஹவுஸ்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆளைச் சொல்லும்போது வினையின் முதல் வடிவம் வரும், ‘டு’ வராது: ‘ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ’, அதாவது அவரை உங்களுக்குப் போன் செய்யச் சொல்கிறேன். இதில் ஏற்பாடு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்ற தொனி உண்டு. மேலதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது ‘ஐ வில் ஆஸ்க் ஹிம் டு கால் யூ’ என்பது பணிவானது.

9. ‘ஹேட் பெட்டர்’

வடிவம் இறந்த காலம், பொருள் எதிர்காலம்: ‘யூ ஹேட் பெட்டர் கோ நவ்’. ‘பெட்டர்’ என்ற சொல்லைப் பார்த்து இது கனிவான யோசனை என்று நினைத்துவிடுகிறார்கள். செய்யாவிட்டால் கெடுதல் நேரும் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. பிள்ளைகளிடமும் நெருங்கிய நண்பரிடமும் சொல்லலாம். பெரியவரிடமோ வாடிக்கையாளரிடமோ சொன்னால் மிரட்டுவது போல் ஆகும். அவர்களிடம் ‘இட் வுட் பி பெட்டர் டு’ என்று தொடங்குங்கள்.

10. காதில் விழும் வடிவங்கள்

எல்லாவற்றையும் சரியாகக் கற்றபின்னும் பிறர் பேசுவது புரியவில்லை என்று பலர் வருந்துவதற்குக் காரணம், இந்தச் சொல் பேச்சில் தேய்ந்து ஒலிப்பது. ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப்டு’ என்றும், ‘ஹேஸ் டு’ என்பது ‘ஹேஸ்ட்டு’ என்றும் ஒட்டி வரும். துணைவினையாக இருந்தால் ‘ஐவ் சீன்’, ‘தேவ் கான்’ என்று வகர ஒலி மட்டும் மிஞ்சும். உடைமைப் பொருளில் இன்றைய பேச்சில் இப்படிச் சுருக்குவது அரிது. ‘ஐவ் எ கார்’ என்று சொல்வதைவிட ‘ஐ ஹேவ் எ கார்’ என்று முழுதாகச் சொல்வதே நல்லது.

‘ஹீஸ்’ என்று கேட்டால் அது ‘ஹி இஸ்’ ஆகவும் இருக்கலாம், ‘ஹி ஹேஸ்’ ஆகவும் இருக்கலாம். அடுத்த சொல்லைக் கேளுங்கள். ‘-இங்’ வந்தால் ‘இஸ்’. ‘பீன்’ அல்லது ‘காட்’ வந்தால் ‘ஹேஸ்’. ‘ஹீஸ் கான்’ போன்ற சில இடங்களில் இரண்டுமே பொருந்தும், பொருளும் ஏறக்குறைய ஒன்றே. ‘ஐட்’ என்பதும் இப்படித்தான்: பின்னால் மூன்றாம் வடிவமோ ‘பெட்டர்’ என்பதோ வந்தால் ‘ஹேட்’, முதல் வடிவம் வந்தால் ‘வுட்’. ‘கம்’ போல முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் மட்டும், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டுதான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.